பத்துக்கு எத்தனை?

வடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செல்போன் கடை. மகள் கயலின் போனுக்குக் கண்ணாடி ஒட்டப் போயிருந்தோம். கல்லாவுக்குப் பக்கத்தில் மீன் இல்லாத ஒரு மீன் தொட்டி. தண்ணீர், அடியில் நீலக் கற்கள், மூலையில் மெல்லிய குழாய். அந்தக் குழாய் பேசிக்கொண்டே இருந்தது. குபுக். குபுக். குபுகுபுகுபுக். வலது விலாவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் தெருவுக்கு வந்துவிட்டேன். கயல் பின்னாலேயே ஓடிவந்து, மறுபடியும் குத்துகிறதா என்று கேட்டாள். குத்தவில்லை. அது என் நெஞ்சின் சத்தமே இல்லை. பக்கத்துக் கட்டிலின் சத்தம். அஞ்சலையின் சத்தம்.

எழுதித்தான் தீர வேண்டும் போலிருக்கிறது. இத்தனை மாதமாக விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

என் நோய் சத்தமில்லாமல் வந்தது. மூச்சை இழுத்தால் விலாவில் ஒரு குத்து. அவ்வளவுதான். வாயு என்றார்கள். சுரங்கத்து ஸ்டோர்ஸில் என்னோடு வேலை பார்க்கிற எல்லாருமே வாயுவுக்கு வைத்தியர்கள். பூண்டு சுட்டுத் தின்றேன். ஓமத் தண்ணீர் குடித்தேன். மாலையானால் உடம்பு சுட்டது, விடிந்தால் தலையணை நனைந்திருந்தது. நட்டும் போல்ட்டும் பெல்ட் துண்டும் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற வேலை எனக்கு. என் கணவர் போனபின் அவருக்குப் பதிலாகக் கிடைத்த பர்மனென்ட் வேலை. உட்கார்ந்து பார்ப்பதுதான். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து அலமாரிவரை போவதற்குள் வாய் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்ததும், என் தம்பி ஸ்கூட்டரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்டர் முதுகில் ஒரு விரலைப் பதித்து, அதன்மேல் இன்னொரு விரலால் தட்டினார். பண்ருட்டி மண்டியில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பார்களே, அப்படி. இடப்பக்கம் காற்றடைத்த சத்தம். வலப்பக்கம் மொத்து, மொத்து என்று செத்த சத்தம். தண்ணி கட்டியிருக்கு என்றார்.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உண்டாம். ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றது விலா எலும்புக்கு உட்பக்கம். இரண்டுக்கும் நடுவே எண்ணெய் தடவினதுபோலக் கொஞ்சம் ஈரம்தான் இருக்க வேண்டும். நோய் வந்தால் அங்கே நீர் சுரந்து நிற்கும். நுரையீரல் விரிய இடமில்லாமல் சுருங்கி ஒதுங்கும். முதுகு வழியாக ஊசி விட்டு அந்த நீரை எடுத்தார்கள். கட்டிலின் குறுக்குப் பலகையில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்த எனக்குப் பக்கவாட்டில் அது தெரிந்தது. ஆறிப்போன சீரகத் தண்ணீரின் நிறம். இத்தனை நாள் இதையா சுமந்துகொண்டு பஸ் ஏறினேன் என்று என் உடம்பின் மேலேயே ஒரு குமட்டல் வந்தது. நீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். காசநோயாக இருக்கலாம், புற்றாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம் என்றார்கள். 'லாம்' என்கிற அந்த வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் தொங்கினேன்.

பெண்கள் வார்டு. ஃபினாயில், அதற்கு அடியில் ஃபினாயில் மறைக்க முடியாத எல்லாம். எக்ஸ்ரே அறை வாசலில் பெஞ்சு; அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருக்கக் கற்றுக்கொண்டோம். பயத்தில் எனக்கு வாய் மூடிக்கொள்ளும். தம்பி பொண்டாட்டி வசந்தா ஃபிளாஸ்க்கில் மிளகு ரசம் கொண்டுவந்து, "மதினி, சாப்பிட வேணாம், சும்மா வாயில வச்சுப் பாருங்க" என்பாள். மூன்றாவது வாயில்தான் நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பது எனக்கே தெரியும். வெளியில் எடுத்த ஸ்கேனின் பில்லைத் தம்பி என் கண்ணில் காட்டவேயில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு, சாத்துக்குடிச் சுளையின் வெள்ளை நாரை ஒவ்வொன்றாக உரித்தான். வீட்டில் தண்ணீர் தம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷன். கொண்டை போட்டால் படுக்கையில் உறுத்துகிறது என்று கயல் எனக்கு ரெட்டைச் சடை பின்னிவிட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் ரெட்டைச் சடையோடு நான் புற்றுக்காகக் காத்திருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் அஞ்சலை.

குள்ளஞ்சாவடிப் பக்கம் ஊர். சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை. நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் குனிந்து போய், சிந்திக் கிடக்கிற கரியையும் தூளையும் மண்வெட்டியால் அள்ளி மறுபடி பெல்ட்டில் போட வேண்டும். அள்ள அள்ளச் சிந்தும். அவளுக்கும் என்னைப்போலவே நெஞ்சில் நீர். ஆனால் நான் பூண்டு தின்ற நாட்களில் அவள் அள்ளிக்கொண்டிருந்தாள். அதனால் அவள் நீர் சீழாகிவிட்டது. ஊசி போதாது என்று விலா எலும்புகளுக்கு நடுவே விரல் தடிமன் குழாய் செருகி, அதன் நுனியைத் தரையில் இருந்த ஒரு பாட்டில் தண்ணீருக்குள் முக்கி வைத்திருந்தார்கள். உள்ளே இருக்கிற சீழும் காற்றும் வெளியே வரும். வெளிக்காற்று உள்ளே போகாது. அவள் மூச்சு விட்டால் பாட்டில் குபுக் என்கும். இருமினால் குபுகுபுகுபுக். நுரையீரலில் ஓட்டை இருக்கிறவரை குமிழி வரும், குமிழி நின்றால் ஓட்டை ஆறிவிட்டது என்று அர்த்தம் என்றார் டாக்டர்.

அவளை அவள் புருஷனுடைய காப்பீட்டுக் கார்டில் சேர்த்திருந்தார்கள். மனைவி, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர், அவ்வளவுதான் ஆஸ்பத்திரிக்குத் தெரியும். சுரங்க கேட்டிலோ அவள் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். ஆமாம், படுக்கையில் இருந்தபடியே. ஆள் மாத்து என்று அதற்குப் பெயர். கான்ட்ராக்ட் ஆள் தொடர்ந்து வராமல் போனால் கேட் பாஸ் ரத்து. அந்த இடத்துக்கு ஊர் ஊராக ஆள் நிற்கிறது. ஒருமுறை போன பெயர் திரும்பாது. அதனால் உடம்பு சரியில்லை என்றால் அதே பாஸில் வீட்டிலிருந்து இன்னொருத்தி போவாள். தலையில் ஹெல்மெட், முகத்தைச் சுற்றித் துண்டு, கண் மட்டும் வெளியே. யாரென்று யாருக்குத் தெரியும்? தெரிந்தாலும் மேஸ்திரிக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். அஞ்சலைக்குப் பதில் அவள் தங்கை செல்வி போய்க்கொண்டிருந்தாள். இதை அஞ்சலை என்னிடம் சொன்னது ரகசியமாக அல்ல, ஊரில் எல்லாரும் செய்வதைச் சொல்வதுபோல. சொல்லிவிட்டுத்தான், "ஸ்டோர்சு அக்கா, நீங்க பர்மனென்ட்டு. வெளிய வுட்றாதீங்க" என்றாள்.

அப்புறம்தான் நித்யா வந்தாள். வேறு மாவட்டத்தில் ஏதோ கல்லூரியில் படிக்கிற பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெரிய போன். உடல்நலக் குறை உள்ளவர்கள் எந்த அளவுக்கு வேலையில் பங்கெடுக்கிறார்கள் என்று அளக்கிறார்களாம். நல்ல பெண். செருப்பை வார்டு வாசலில் கழற்றிவிட்டு வந்தாள். முதலில் என்னிடம் கேட்டாள். கடந்த ஏழு நாளில் கூலிக்கோ சம்பளத்துக்கோ ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா? இல்லையம்மா, மெடிக்கல் லீவு என்றேன். லீவில் இருந்தாலும் உங்களுக்காக வேலை இருக்கிறது, அதனால் நீங்கள் வேலையில் இருப்பவர்தான் என்று விளக்கினாள். சரி. நான் மல்லாந்து படுத்தபடி வேலையில் இருந்தேன். அடுத்து, உடம்பு ரொம்ப நன்றாக இருந்த காலத்தில் உங்கள் வேலைத் திறனைப் பத்து என்று வைத்துக்கொண்டால், இப்போது எத்தனை? யோசித்தேன். நாற்காலியிலிருந்து அலமாரி வரையுள்ள தூரத்தை நினைத்தேன். மூன்று என்றேன்.

அஞ்சலை அந்தக் கழுத்துக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முறை வந்ததும் தலைமாட்டில் சாய்ந்து நிமிர்ந்தாள்.

"தெனம் போய்க்கினுதாங்க இருக்கேன்."

"ஏழு நாளுமா?"

"ஞாயித்துக்கெழமகூட உண்டுங்க."

நித்யா குழாயைப் பார்த்தாள். குழாய் வழியாகப் பாட்டிலைப் பார்த்தாள். குபுக் என்றது.

"இப்ப இங்க இருக்கீங்களேம்மா?"

"இப்பதாங்க வந்தேன்."

சொன்னதைச் சொன்னபடி பதிய வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குக் கற்றுக் கொடுத்திருப்பார்கள் போல. பதிந்தாள். பத்துக்கு எத்தனை என்று கேட்டாள்.

"பத்துக்குப் பத்துங்க. கொறைச்சிகிறைச்சிப் போட்றாதீங்க."

அந்த நேரம் பார்த்து செல்வி உள்ளே வந்தாள். முதல் ஷிப்ட் முடித்து, முகம் கழுவி, வேறு புடவை மாற்றித்தான் வந்திருந்தாள். ஆனால் காது மடலிலும் கண் ஓரத்திலும் கரித்தூள் மை தீட்டினதுபோல் நின்றது. துணைக்கு இருப்பவர்களையும் கேட்க வேண்டுமாம். நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா என்று நித்யா கேட்டாள். எனக்கு ஏதுங்க வேலை, வூட்டுல சும்மா குந்திகினு இருக்கேன் என்றாள் செல்வி. சொல்லி முடித்ததும் தும்மினாள். முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். துணியில் கறுப்பு. நித்யா பார்த்தாளா தெரியாது. நான் பார்த்தேன்.

அவள் போனபின் அக்காளும் தங்கையும் சிரித்தார்கள். பாட்டில் கொதித்தது. அந்தப் பெண் கம்பெனி ஆள் இல்லை, கல்லூரிப் பெண், உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்றேன். கழுத்துல கயிறு தொங்குனா எங்களுக்கு எல்லாரும் கம்பெனிதாங்க என்றாள் அஞ்சலை. பிறகு என்னைச் சீண்டினாள். உட்கார்ந்து எழுதுகிற வேலைக்கே மூன்றா, நீங்கள் பரீட்சையில் ஃபெயில் ஆகிவிட்டீர்களே அக்கா என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. விலா குத்தியது. என் மூன்று பொய்யில்லை. சம்பளம் நிற்காது என்று தெரிந்த உடம்பு சொன்ன எண் அது. அவளுக்குப் பத்துக்குக் கீழே எண்ணே கிடையாது. ஒன்பது என்றால்கூட அடுத்தது பூஜ்யம்தான்.

என் சோதனை முடிவு வந்தது. காசநோய். புற்று இல்லை. நெஞ்சு உறையில் வந்த காசநோய், மாதக்கணக்கில் மாத்திரை, விடாமல் சாப்பிட்டால் குணம். வசந்தா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காசநோய்க்காகக் கற்பூரம் கொளுத்தாத குறை. அஞ்சலை என் கையைப் பிடித்து, தனக்கும் அதேதான், நாம் ஒரே சாதி என்றாள். அந்த வார்டில் நான் கேட்ட நல்ல பகடி அது ஒன்றுதான்.

மறுநாள் நித்யாவோடு அவளுடைய பேராசிரியர் வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். நர்ஸ் மேசை அருகே நின்று போனில் எதையோ டாக்டருக்குக் காட்டினார். என் கட்டில் அந்த மேசைக்குப் பக்கம். கான்ட்ராக்ட் வேலை செய்கிறவர்களிடம் நோயால் இழந்த நாளே கிட்டத்தட்ட இல்லை, பர்மனென்ட் ஆட்களிடம்தான் எக்கச்சக்கம் என்றார். நோய் இருந்தும் இந்த மக்களின் பங்கேற்பு குறையவேயில்லை, மன உறுதியைப் பாருங்கள், சார், ரொம்ப நம்பிக்கை தருகிற விஷயம் என்றார். டாக்டர் போனைப் பார்க்கவில்லை. தரையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார்.

அன்று ரசம் உள்ளே நிற்கவில்லை. அந்த ஊரில் எத்தனை உடம்பு அள்ளுகிறது, எத்தனை உடம்பு படுத்திருக்கிறது, எது யார் பெயரில் இருமுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் அளந்துவிட்டார்கள். சீழை அளக்கிறார்கள், அதற்குக் கோடு போட்ட பாட்டில் இருக்கிறது. சளியை அளக்கிறார்கள். காய்ச்சலை அக்குளில் வைத்து அளக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் ஒரு நாணயம் இருக்கிறது. படுத்தவளை நிற்கிறாள் என்றும், குனிந்து அள்ளினவளைச் சும்மா இருக்கிறாள் என்றும், மூச்சு வாங்கும் என்னைச் சோம்பேறி என்றும் எழுதிக்கொண்டு, அதற்கு மன உறுதி என்று பெயரும் வைத்த அந்த மெல்லிய குரலைத்தான் என் வயிறு ஏற்கவில்லை. எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அஞ்சலையின் பாஸ் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பொய் பாடமாகும். வாந்திக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நித்யா பின்தங்கி நின்றாள். என் அருகில் வந்து குனிந்து, அந்த அம்மா நிஜமாகவே வேலைக்குப் போகிறார்களா மேடம் என்று கேட்டாள். அவங்க சொன்னதை எழுதிட்டீங்கல்ல, அதுதான் என்றேன். சில மாதம் கழித்து இதே கேள்விகளோடு மறுபடி வருவோம் என்று சொல்லி, என் நம்பரையும் செல்வியின் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வார நடுவில் செல்வி ஒரு செய்தி கொண்டுவந்தாள். கேட்டில் முகம் பார்க்கிற மெஷின் வைக்கப் போகிறார்கள். வருகிற திங்கட்கிழமை எல்லா கான்ட்ராக்ட் ஆட்களும் துண்டை அவிழ்த்து மெஷினுக்கு முகம் காட்டிப் பதிய வேண்டும். பாஸில் உள்ள போட்டோவோடு ஒத்துப்போகாத முகத்தை மெஷின் ஏற்காது. பதியாத பாஸ் செல்லாது. ஆள் மாத்து இனி நடக்காது. அஞ்சலை தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பாட்டில் குபுக் என்றது. பிறகு கேட்டாள்:

"மூஞ்சிய மட்டுந்தான பாக்கும்? உள்ள பாக்காதில்ல?"

அதற்கடுத்த நாட்களில் அவள் ஒரு வித்தை பழகினாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற சத்தம் கேட்டதும் மூச்சை மேலாக, மிக மேலாக, நூல் இழுப்பதுபோல் விடுவாள். இருமல் வந்தால் உதட்டைக் கடித்து விழுங்குவாள். பாட்டில் குளம்போல் கிடக்கும். பாருங்க சார், குமிழி நின்னுபோச்சு, குழாயை எடுத்துவுடுங்க என்பாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருக்கும். டாக்டர் ஒரே வார்த்தை சொல்வார்: இருமுங்க. அவள் இருமுவாள். பாட்டில் அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை அவர் போனபின் பாட்டிலைப் பார்த்து, சனியனே, நீயும் பர்மனென்ட்டா என்று திட்டினாள். மெஷின்களிலேயே பொய் சொல்லாதது அந்த ஒரு பாட்டில்தான். அதைத்தான் அவளால் சரிக்கட்ட முடியவில்லை.

கடைசியில் தன் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்து வைத்தாள். டாக்டர் நிறையச் சொல்லிப் பார்த்தார். இப்போது எடுத்தால் நுரையீரல் மறுபடி சுருங்கலாம், சீழ் மறுபடி கட்டலாம், தூசிப் பக்கமே போகக் கூடாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தன்னையே நொந்துகொள்கிற குரலில் சொன்னார். குழாயை எடுத்துத் தையல் போட்டுப் பிளாஸ்திரி ஒட்டினார். மாத்திரையை விடாதே, படம் எடுக்க அடுத்த வாரம் வா என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றாள்.

இப்போது நான் ஸ்டோர்ஸில் அதே நாற்காலியில் இருக்கிறேன். லைட் டூட்டி கொடுத்திருக்கிறார்கள். அலமாரிக்கு வேறொருவர் போகிறார். மாத்திரையில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகிறது, அதுவும் பழகிவிட்டது. போன மாதம் ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட் பக்கம் போனேன். கான்ட்ராக்ட் பெண்களின் வரிசை. ஒவ்வொருத்தியாக மெஷின் முன் நின்று, துண்டை இறக்கி, முகத்தைக் காட்டி, ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அதில் ஒருத்தி துண்டை இறக்கினாள். கன்னம் ஒட்டியிருந்தது. மூச்சை மேலாக, நூல்போல, விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மெஷின் இனிமையான குரலில் நன்றி சொன்னது. நாலடி தள்ளி, மெஷின் பார்க்காத இடத்தில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள். கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் வந்தவர்கள் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

நேற்று நித்யா போன் செய்தாள். இரண்டாம் சுற்றாம். செல்வியின் நம்பர் கிடைக்கவில்லையாம். அந்த அம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா மேடம், வேலையில் இருக்கிறார்களா, உங்களுக்குத் தெரிந்தவரை பத்துக்கு எத்தனை போடலாம் என்று கேட்டாள்.

என்ன சொல்ல வேண்டும் என்பதை அஞ்சலை முன்பே என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். ஆஸ்பத்திரியை விட்டுப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, செல்வி பையோடு முன்னே நடக்க, இவள் விலாவில் கை வைத்தபடி வார்டு வாசலில் நின்றாள். தூசிக்குப் போகாதே அஞ்சலை, வேறு ஏதாவது பார்க்கலாம் என்றேன். எனக்கே கேட்காத குரலில். அவள் என் ரெட்டைச் சடையில் ஒன்றை எடுத்து முன்னால் போட்டுச் சரிசெய்தாள்.

"அந்தப் பொண்ணு மறுபடி வந்து கேட்டாக்கா, பத்துன்னே சொல்லுங்கக்கா. கொறைச்சிறாதீங்க."